காற்று புகுந்த மூலை

1. ஒரு மேஜை, மூன்று அர்த்தம்

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டையில், மருத்துவமனைகளுக்கு வேண்டிய ஊசிக்குழாய், சலைன் ட்யூப் எல்லாம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் யுடிலிட்டி பிரிவில் வேலை பார்த்தேன். யுடிலிட்டி என்றால் கரண்ட், தண்ணீர், ஏசி, கம்ப்ரஸர். இவை ஒழுங்காக ஓடினால் நம் பெயர் யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றுபோனால்தான் நமக்கு ஒரு பெயர் இருப்பதே மேலிடத்துக்கு ஞாபகம் வரும். இந்த வேலைக்கு இப்போது வந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற சம்பவம் அல்ல.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருந்தது. தசரா முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய வாரம். இரண்டாம் நம்பர் கிளீன் ரூமில் தூசி அளவு தொடர்ந்து மூன்று நாள் வரம்பைத் தாண்டியது. கிளீன் ரூம் என்பது தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு போகவேண்டிய அறை. காற்றில் எத்தனை தூசித் துகள் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஒரு மெஷின் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். அது தாண்டிவிட்டால் அன்றைக்குச் செய்த சரக்கு எதுவும் வெளியே போகாது. மூன்று நாள் சரக்கு முடங்கிக் கிடந்தது. பிளான்ட் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன காரணம் என்று கன்னடத்தில் கேட்டார்.

ஏர் இன்ஃபில்ட்ரேஷனாக இருக்கலாம் என்றேன். என் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெளிக்காற்று வழி கண்டுபிடித்து உள்ளே புகுவது.

எதிரே உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி ஆபீசர் சட்டென்று நிமிர்ந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் பல வருடம் எல்லையில் இருந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை சுபேதார் என்றே கூப்பிடுவோம். அவருக்கு அந்த வார்த்தை என்றால் வேலிக்கு அடியில் ஊர்ந்து வரும் ஆள். பக்கத்தில் லேப்டாப்போடு இருந்த சிஸ்டம்ஸ்காரர், பாஸ்வேர்டைத் திருடி யாரோ உள்ளே நுழைந்து அளவுகளை மாற்றியிருப்பார்களோ என்று தன் பங்குக்குச் சொன்னார். மூன்று பேரும் ஒரே வார்த்தைக்குத் தலையாட்டினோம். ஆனால் ஒவ்வொருவரும் தலையாட்டியது வேறு வேறு அர்த்தத்துக்கு.

அக்ரஹாரத்தில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் மழைநீர்க் குழி தோண்டும் கான்ட்ராக்டர். அவருக்கு இன்ஃபில்ட்ரேஷன் என்றால் மண் தண்ணீரைக் குடிப்பது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு சந்தோஷம். அந்த மேஜையில் அப்படி நல்லவிதமாக நினைக்க யாரும் இல்லை. கூட்டம் முடிந்து எழுந்தபோது ஒருவரையொருவர் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

2. காமிராவில் தெரிந்தவர்

கிளீன் ரூமில் காற்று அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்போம். அப்போதுதான் எங்காவது சந்து இருந்தாலும் உள்காற்று வெளியே தள்ளும், வெளிக்காற்று உள்ளே வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என் ஆட்கள் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து, பாஸ்கல் கணக்கில் நோட்டில் எழுதுவார்கள். அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். பதினைந்து பாஸ்கல், பதினைந்து பாஸ்கல், பதினைந்து பாஸ்கல். ஒரு இடத்திலும் பிசிறு இல்லை. காற்று இல்லை, வேறு ஏதோ என்று அரைமணி நேரத்தில் முடிவு கட்டிவிட்டேன்.

இவ்வளவு சீக்கிரம் ஏன் முடிவு கட்டினேன் என்பதை இப்போது ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம். காற்று என்றால் அது என் டிபார்ட்மெண்ட். ஆள் என்றால் அது சுபேதாருடையது. கடைசி வருடத்தில் தலைவலியை யார் வாங்கி வைத்துக்கொள்வார்கள்?

சுபேதார் அன்று மாலையே என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டு காமிராப் பதிவைக் காட்டினார். தினமும் மதியம், சரக்கு டிராலி உள்ளே வந்துபோன பிறகு, ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருவர் அறையின் வடகிழக்கு மூலைக்குப் போகிறார். குனிகிறார். நான்கைந்து நிமிடம் அங்கேயே இருக்கிறார். முதுகு காமிராவுக்கு, கை சுவருக்கு. என்ன செய்கிறார் என்று தெரியவில்லை. எழுந்ததும் துடைப்புத் துணியை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போகிறார்.

"பாத்தீங்களா சார். மத்த மூலைக்கெல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்ல. இந்த மூலையில மட்டும் என்ன வேலை?" என்றார் சுபேதார்.

அந்தப் பெண் சரோஜா. ஹனூர்ப் பக்கம் சொந்த ஊர், நாற்பது வயதிருக்கும். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். கான்ட்ராக்டில் ஐந்து வருடமாக எங்களிடம் துப்புரவு வேலை. அதற்கு முன் நஞ்சன்கூட்டில் எங்களைப் போலவே சரக்கு செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் இருந்தவர். சுபேதார் இந்த விவரத்தை இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டு நாள் முன்பு கிளீன் ரூம் வாசலில் சரோஜா என்னை நிறுத்தி, "ஏனுங்க சார், அந்தச் செவுத்துக்குப் பின்னால என்னங்க இருக்குது?" என்று கேட்டிருந்தார். குழாய்களும் வயர்களும் ஓடும் சர்வீஸ் காரிடார், உங்களுக்கு எதற்கு அது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை. இதைச் சுபேதாரிடம் சொன்னதும் அவர் டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். துடைக்க வருகிறவருக்குச் சுவருக்குப் பின்னால் இருப்பது எதற்கு? எனக்கும் அந்த நேரத்தில் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

சந்தேகம் பிடித்துக்கொண்டால் எல்லாமே அதற்குச் சாதகமாகத் தெரியும். சரோஜா மற்ற பெண்களோடு உட்கார்ந்து அரட்டை அடிப்பதில்லை, ஏன் அடிப்பதில்லை? ஒரு நாளும் லீவு போடுவதில்லை, ஏன் போடுவதில்லை? ஐந்து வருடமாக நல்ல குணம் என்று நாங்களே சொல்லிக்கொண்டிருந்ததை ஒரே மாலையில் குற்றப்பத்திரிகையாக மாற்றிவிட்டோம்.

3. கேட்டில் பாஸ் வாங்கியது

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் நேரம். கேட்டில் கூட்டம். சரோஜாவின் அடையாள அட்டையைத் தேய்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. சுபேதார் அட்டையை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொன்னார்.

"நான் என்னங்க பண்ணுனேன்?" என்று சரோஜா கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக போனை எடுத்து யாருக்கோ பதில் அனுப்புவதுபோல் குனிந்துகொண்டேன்.

கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக எடுக்கும் பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் சரோஜா பெயர் இருந்தது. விசாரணையில் இருக்கிறவர் என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், யுடிலிட்டி பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆட்களால் நேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த இரண்டு நாள் தூசி அளவு வரம்புக்குள் இருந்தது. சுபேதார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான். அந்த இரண்டு நாள் சரக்கு வேலை நிறுத்தப்பட்டிருந்தது, டிராலி உள்ளே போகவே இல்லை என்பது என் மண்டைக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் வேலை தொடங்கியது. மதியம் மெஷின் மறுபடியும் கத்தியது.

சுபேதார் அசரவில்லை. "அப்ப இன்னொருத்தர் உள்ள இருக்காங்க சார். தனியா வரமாட்டாங்க" என்றார். அன்றிலிருந்து எல்லோர் பையும் சோதனை. டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து மூடினார்கள். கேன்டீனில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் மூன்றாமவர் எதற்கு என்று திரும்பிப் பார்த்தார். நானே என் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவைப் பார்த்து உட்கார ஆரம்பித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4. என் கை வீங்கியது

அந்த வாரக் கடைசியில் எனக்குக் கடும் காய்ச்சல். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இடது கையில் ஊசி குத்தி, பம்ப் வைத்து சலைன் ஏற்றினார்கள். எங்கள் தொழிற்சாலை செய்யும் மாதிரி ஊசிக்குழாய்தான்; அதைப் பல வருடம் பெட்டி பெட்டியாகப் பார்த்திருக்கிறேன், என் கைக்குள் போனது அன்றுதான்.

மதியம் முழங்கைக்குக் கீழே தோல் இழுத்துப் பிடித்து, ஜில்லென்று வீங்கியது. பம்ப் பாட்டுக்குப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டார்கள். கோலார் தங்கவயல் பக்கத்துத் தமிழ்ப் பெண். வந்து பார்த்ததும் பம்பை நிறுத்தினார். இன்ஃபில்ட்ரேட் ஆகிவிட்டது, சலைன் நரம்புக்குள் போகாமல் தசையில் இறங்கியிருக்கிறது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காய்ச்சலிலும் தூக்கிவாரிப் போட்டது. நான் கையை ஆட்டவே இல்லை என்று முந்திக்கொண்டு சொன்னேன். உண்மையில் போனை எடுக்க இரண்டு தடவை ஆட்டியிருந்தேன்.

"யாரு ஆட்டினதுன்னு நான் கேக்கலயே சார். எங்க வீங்க ஆரம்பிச்சதுன்னு காட்டுங்க" என்றார். வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். ஊசியை எடுத்தார். கையை உயர்த்தித் தலையணையில் வைத்தார். பம்பில் ஒன்றுமே காட்டவில்லையே என்று கேட்டேன்.

"அது தள்ளுதா இல்லையான்னுதான் அதுக்குத் தெரியும். தள்ளினது எங்க போய்ச் சேருதுன்னு நாமதான் கையத் தொட்டுப் பாக்கணும்."

படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தேன். பதினைந்து பாஸ்கல், பதினைந்து பாஸ்கல் என்று எழுதிய நோட்டு கண்முன் வந்தது. என் ஆட்கள் கேஜைப் பார்ப்பது எப்போது? கதவெல்லாம் மூடியிருக்கும்போது. கதவு திறந்திருக்கும்போது எழுதினால் அளவு தப்பாக வரும் என்று அப்படிப் பழக்கி வைத்தவனே நான்தான். டிராலி வரக் கதவு திறக்கும் அந்த ஒரு நிமிடம் எந்த நோட்டிலும் இல்லை. அந்த மூலையை ஒருதடவையாவது போய்த் தொட்டுப் பார்த்தேனா? காமிராவில் பார்த்ததோடு சரி.

5. மூடி

டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலையாக சர்வீஸ் காரிடாருக்குப் போனேன். இரண்டாம் நம்பர் அறையின் வடகிழக்கு மூலைக்கு வெளிப்புறம், சுவரின் அடியில் ஒரு ரிலீஃப் டேம்பர் உண்டு. எளிதாகச் சொன்னால் எடை கட்டிய ஒரு மூடி. உள்ளே அழுத்தம் ஏறினால் திறந்து காற்றை வெளியே விடும். கதவு திறந்து அழுத்தம் இறங்கினால் தானாக விழுந்து அடைத்துக்கொள்ளும். வெளிக்காற்று அந்த வழியாகப் புகுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த எடை.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்த ஆபரேட்டருக்கு போன் செய்து டிராலிக் கதவைத் திறக்கச் சொன்னேன். நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை வளைந்தது. வளைந்து, அந்த மூடியின் விளிம்பு வழியாகச் சுவருக்குள் போனது.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எடை தொங்கும் கம்பியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. அதன் முடிச்சு, ஒரு காய்ந்த மாவிலைக் காம்போடு சேர்ந்து, மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. மூடி முழுதாக விழ முடியாமல் கால் அங்குலம் திறந்தே நின்றது. மூடியின் மேல் குங்குமம் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது.

அந்த முடிச்சைப் போட்டவன் நான்.

ஆயுத பூஜை அன்று மைசூரில் ஸ்கூட்டரிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எதையும் விடமாட்டார்கள். கிளீன் ரூமுக்குள் பூ, பொட்டு எதுவும் கூடாது. அதனால் அந்த அறைகளுக்கான பூஜையை வெளிப்புறத்திலிருந்து, சர்வீஸ் காரிடாரில் செய்வது என் வழக்கம். ஒவ்வொரு டேம்பருக்கும் குங்குமம், சாமந்தி, மாவிலை கோத்த மஞ்சள் நூல். மறுநாள் பூவையும் இலையையும் எடுத்துவிடுவேன். நூலை மட்டும் எடுக்கமாட்டேன். பூஜையில் கட்டிய நூலைக் கையால் அறுக்கக் கூடாது, அதுவாக விழட்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். என் ஆட்களுக்கும் அதையே சொல்லி வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் கம்பியின் மேல்பக்கத்தில் கட்டுவேன். இந்த வருடம் முழங்கால் வலி. சரியாகக் குனியாமல் கைக்கு எட்டிய இடத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் காரிடாரின் சாவி என்னிடம்தான். வாசலில் தொங்கும் ரெஜிஸ்டரில் பூஜைக்குப் பிறகு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, என்னுடையது. யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று அத்தனை பேரையும் தேடிய சுபேதார் அந்த ரெஜிஸ்டரைப் புரட்டவே இல்லை. நானும்தான்.

நூலை அறுத்தேன். மூடி டப்பென்று விழுந்து அடைத்துக்கொண்டது.

6. பெயர் எழுதும் இடம்

பிளான்ட் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ரிப்போர்ட்டில் டேம்பரில் வெளிப்பொருள் மாட்டியிருந்தது, அகற்றப்பட்டது என்று எழுதினால் போதும், யார் கட்டியது என்பதெல்லாம் வேண்டாம், நீங்கள் ஓய்வு பெறப்போகிறவர் என்று கன்னடத்தில் அன்பாகச் சொன்னார். அது நல்ல யோசனையாகவே எனக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வெளிப்பொருள் என்று எழுதினால், அதை வைத்தது யார் என்ற இடம் காலியாக இருக்கும். காலியாக இருக்கும் இடத்தில் ஊர் எந்தப் பெயரை எழுதும் என்று எனக்குத் தெரியாதா?

காலையில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். சரோஜாவின் பெயரைப் பட்டியலில் மறுபடியும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். சுபேதார் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். "நூல நீங்களாத்தான் கட்டினீங்களா சார், இல்ல யாராச்சும் கட்டச் சொன்னாங்களா?" என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று மதியம் சரோஜா குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நானே போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளிலிருந்து டிராலி வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலையில் துணி சிவந்து வந்ததாம். எவ்வளவு துடைத்தாலும் மறுநாள் மறுபடி சிவப்பு. நான் மூடிக்கு வைத்த குங்குமம். தன்மேல் பழி வரும் என்று பயந்து அங்கேயே நின்று தேய்த்திருக்கிறார். மடித்து எடுத்துப் போனது அந்தத் துணியைத்தான், சூப்பர்வைசரிடம் காட்ட. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்குத்தானுங்க உங்ககிட்டக் கேட்டேன், செவுத்துக்குப் பின்னால என்ன இருக்குதுன்னு."

அறை முழுவதிலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் வெளியே அனுப்பினோம். ரிப்போர்ட்டில் எல்லாம் எழுதிவிட்டேன், உங்கள்மேல் தவறில்லை என்று இருக்கிறது, நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றேன்.

"பேப்பருல எழுதுனது யாருக்குங்க தெரியும்?" என்றார் சரோஜா. "எம் பாஸைப் புடுங்குனது கேட்டுல. பஸ்ஸே நின்னு பாத்துச்சு. வர்றேனுங்க. நீங்க அங்க வந்து சொல்லுங்க."

7. மறுநாள் காலை

இப்போது யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். எது எங்கே புகுந்தாலும், காற்றோ தண்ணீரோ ஆளோ, முதலில் புகுந்த இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஆளைத் தேடுவது அதற்கு அப்புறம். ஆளைத் தேடும்போதும் அந்த இடத்துக்குச் சாவி வைத்திருப்பவரிடமிருந்து தொடங்குங்கள், அது நீங்களாகவே இருந்தாலும். வெட்கப்பட்டு நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

காலை ஷிஃப்ட் நேரம். பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கி வரிசையாக வந்தார்கள். சுபேதார் டிராயரிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சரோஜா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். நான் முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில் சொன்னேன். இரண்டாம் நம்பர் அறைக்குள் தூசி வந்ததற்குக் காரணம் நான் கட்டிய பூஜை நூல். இந்த அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை. இவர்மேல் தப்பு என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான். போகப்போகக் குரலைத் தாழ்த்திவிட்டேன். முன்வரிசையில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்டிருக்காது. ஒருவழியாக முடித்துவிட்டு, அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

சரோஜா அதை வாங்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சார். பின்னால பஸ்ஸுல இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க" என்றார்.

முதலிலிருந்து மறுபடியும் சத்தமாகச் சொன்னேன்.